ஓர்பாளுக்கு ஒரு சரணம்

மாசிலாமணி எழுதிய பாட்டு தேறியதா இல்லையா என்று தீர்ப்பாவது கோயிலில் அல்ல, அடுப்படியில். மருமகள் வீரம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, கைகால் கழுவி, ரொட்டிக்கு மா பிசைய உட்காருவாள். அவர் வாசல்பக்கத்து இஸ்தோப்பில் சாக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடி, பிஸ்கட் டின் மூடியில் தாளம் தட்டிப் புதுப் பாட்டைப் பாடிக் காட்டுவார். அவள் நன்றாயிருக்கிறது என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். ஆனால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மா பிசையும்போது அவளை அறியாமல் அவள் வாய் அந்தப் பாட்டை முணுமுணுத்தால் பாட்டு தேறிவிட்டது. முணுமுணுக்காவிட்டால் கிழித்து அடுப்பில் போட வேண்டியதுதான். இந்த ஏற்பாடு மாசிலாமணிக்கு மட்டுமே தெரியும். வீரம்மாவுக்குத் தெரிந்திருந்தால் வாயை இறுக மூடிக்கொண்டு மா பிசைந்திருப்பாள்.

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எல்லாம் சேர்ந்து ஒரு லயத்து வீட்டு வரிசைக்குள் அடங்கிவிடும். மற்றவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தில் அதற்கு அடையாளமாக எதையும் காட்ட முடியாது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிப்பதும், பெண்கள் கூடையோடு மலை ஏறுவதும் பழையபடிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனிலிருந்து பாதிரி ஐயர் வந்து ரோட்டோரத்துச் சின்னக் கோயிலில் ஆராதனை நடத்துவார். அங்கே பாடிய கீர்த்தனைகள் பெரிய படிப்பாளிகள் எழுதியவை. அவற்றின் அர்த்தம் ஐயருக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும். கொழுந்து எடுத்துக் களைத்த பெண்களுக்கு அவை வாயிலேயே நுழையவில்லை.

அந்த இடத்தில்தான் மாசிலாமணி புகுந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தவறி முழங்காலில் இறங்கி, வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்குப் பொழுது நிறையக் கிடந்தது. வேதப் புத்தகத்துக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கும்மி மெட்டிலும் தாலாட்டு மெட்டிலும் கட்டினார். நோவாவின் பேழைப் பாட்டு முதலில் எடுபடவில்லை. வருஷத்தில் பாதி நாள் மழையில் நனைகிறவர்களுக்கு நாற்பது நாள் மழை பெரிய விஷயமாகப் படவில்லை. பிறகு, பேழைக்குள் ஆடும் மாடும் கோழியும் படுக்க இடமில்லாமல் சண்டை போடுவதாக ஒரு சரணம் சேர்த்தார். ஒரே காம்பராவில் ஒரு குடும்பமே நெருக்கிப் படுக்கிறவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். ஆகார் வனாந்தரத்தில் பிள்ளையைக் கிடத்திவிட்டு அழுததைத் தாலாட்டாக எழுதினார். மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகளிலும் ஏணை ஆட்டும்போது அதைப் பாடினார்கள், ஆகார் யாரென்று தெரியாமலே. மாசிலாமணிக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. எல்லாம் கர்த்தர் கொடுத்த வரம் என்று வெளியே சொல்வார். கொடுத்த இடம் சரியான இடம் என்று உள்ளே நினைத்துக்கொள்வார்.

அடுப்படியில் தேறிய பாட்டு அடுத்து அம்மாக்கண்ணுவிடம் போகும். அவள் வீரம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுப்பவள், நல்ல தொண்டைக்காரி. நிரை பிடித்து நின்றதும் அவள் ஓர் அடி பாடுவாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். கூடை நிறைவதற்குள் பாட்டு எல்லார் வாயிலும் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது அது பழகிய பாட்டாகியிருக்கும்.

வீரம்மா கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மாசிலாமணியின் ஒரே மகன் ஈசாக்கைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்துச் சாராள் ஆனாள். அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டவர்கள் ஐயரும் மாமனாரும் மட்டுமே. பிறந்த பிள்ளை தங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த ஈசாக்கின் மேல் மண்மேடு சரிந்தது. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். ஆக, அந்தக் காம்பராவில் மிஞ்சியது கிழவரும் இவளும்தான்.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்கே லயத்தில் காம்பரா. மாசிலாமணியின் பேர் காலோடு போயிற்று, மகனின் பேர் மண்ணோடு போயிற்று. இப்போது அந்தக் கூரை நின்றது வீரம்மாவின் பேரில். இதை வீட்டில் இருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு மட்டும் ஒரு தடவை, நலம் விசாரிக்கிற மாதிரி நின்று, மருமகள் இருக்கிறவரைக்கும் உமக்கு என்ன கவலை என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகள் இல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரம்மாவின் அண்ணன் செல்லசாமி வந்தான். வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்துக் கதை, துரை கதை, பிரஜாவுரிமை மனுக் கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தான். அவனுடைய தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மாயாண்டி என்பவன் பெண்சாதியை இழந்தவன், நல்ல மனிதன், வீரம்மாவைக் கேட்கிறான். அவளுக்கு இருபத்தாறு வயதுதான். புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வது அவர்கள் சனத்தில் நடக்கிற காரியம். அங்கே போனால் அவள் எந்தக் கோயிலுக்குப் போவாள் என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. எடுக்காததிலிருந்தே அது விளங்கிற்று.

“மாமா, நீங்க நாலு பேரு முன்னுக்கு வாய் தொறந்து போகச் சொன்னாத்தான் கூட்டிட்டுப் போவேன். இல்லாட்டி இந்தப் பேச்ச இதோட விட்டுர்றேன்” என்றான் செல்லசாமி.

வீரம்மாவைக் கேட்டதற்கு, மாமா சொல்லட்டும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாசிலாமணி, கோயிலில் அறுப்புப் பண்டிகை வரட்டும், அன்றைக்குச் சொல்கிறேன் என்றார். பண்டிகைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பண்டிகையன்று வருகிறேன் என்று செல்லசாமி பஸ்ஸுக்குப் போனான்.

அதற்கு அடுத்த நாளே மாசிலாமணி ரூத்தின் கதையைக் கையில் எடுத்தார். அறுப்புப் பண்டிகைக்கு அதைவிடப் பொருத்தமான கதை இல்லை என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. நகோமி என்பவள் பஞ்சம் பிழைக்க மோவாப் தேசத்துக்குப் போன இடத்தில் புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவள். அவள் சொந்த ஊருக்குத் திரும்பக் கிளம்பும்போது அந்நிய சாதி மருமகள்கள் இருவரும் கூடவே கிளம்புகிறார்கள். அதில் ரூத் மாமியை விடமாட்டேன் என்று கடைசிவரை வந்து, அடுத்தவன் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிக் கிழவிக்குச் சோறு போடுகிறாள். பஞ்சம், அந்நிய தேசம், சாவு, அடுத்தவன் வயல் என்று தோட்டத்துச் சனங்களுக்குத் தெரியாத சங்கதி அந்தக் கதையில் எதுவும் இல்லை. வயல்காரன் போவாஸை மாசிலாமணி ஒரு நல்ல கங்காணி ஆக்கிவிட்டார். அப்படி ஒரு கங்காணி வேதத்தில்தான் இருக்க முடியும் என்று பின்னால் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேண்டாததை, மெட்டுக்குள் உட்காரவில்லை என்று சொல்லி விட்டுவிடலாம். மாசிலாமணியின் பாட்டில் மருமகள் ஒருத்திதான் இருந்தாள். மற்றவள் ஓர்பாள், பாதி வழியில் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனவள், மெட்டுக்குள் உட்காரவில்லை. பல்லவி மட்டும் எழுதும்போதே தானாக வந்து விழுந்தது.

எங்கே நீ போனாலும் மாமி - நானும்
அங்கே வருவேனே மாமி
உன் மண்ணில் என் மூச்சும் போகும் - உன்னை
உதறிட மாட்டேனே மாமி

கும்மி மெட்டில் அதைப் பாடிக் காட்டினார். வீரம்மா மா பிசைந்து, உருட்டி, தட்டி, ரொட்டியைத் தகட்டில் போட்டாள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாசிலாமணி யோசித்து, குற்றம் மெட்டில் என்று முடிவு செய்தார். விதவைகள் கதையில் கும்மி கொட்டினால் எப்படி எடுபடும். தாலாட்டு மெட்டுக்கு மாற்றினார். அவள் தேங்காய் துருவிச் சம்பல் இடித்தாள், பாடவில்லை. ஒப்பாரி மெட்டில் இழுத்துப் பார்த்தார். அதற்கு அவள், அடுத்த காம்பராவில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடி வருவார்கள், மெதுவாகப் பாடுங்கள் என்று மட்டும் சொன்னாள். காமன் கூத்து மெட்டு ஒன்றுதான் பாக்கி. அதைக் கோயிலில் ஐயர் விடமாட்டார்.

பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. முதன்முறையாகத் தேறாத பாட்டை மாசிலாமணி அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தார், பழைய கும்மி மெட்டிலேயே. நான்கு நாள் கழித்து அம்மாக்கண்ணு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து மகிழ்ச்சியாகச் சொன்னாள். மலை முழுக்க இப்போது அந்தப் பாட்டுதானாம். பெண்கள் வீரம்மாவை ரூத்து என்றே கூப்பிடுகிறார்களாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூட, ரூத்து கூடையை இறக்கு என்கிறார்களாம். மாமனாரை விட்டுப் போகாத மருமகள் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைப்பாள் என்று கண்டாக்குவின் பெண்சாதியே சொன்னாளாம்.

“ஆனா அவ மட்டும் வாயத் தொறக்குறாளில்ல, அண்ணே. நாங்க பாடுவோம், அவ பாட்டுக்குக் கொழுந்தக் கிள்ளிக்கிட்டு நிப்பா” என்றாள் அம்மாக்கண்ணு.

அண்ணன் வந்து கேட்டுவிட்டுப் போன சங்கதி லயத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதும், பாட்டு எதற்கு எழுதப்பட்டது என்பது தன்னைத் தவிர எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்பதும் மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாக்கண்ணு போன பிறகு அவர் டின் மூடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அன்று சாயங்காலம் எதையும் பாடிக் காட்டவில்லை.

வீரம்மாதான் பேச்சை எடுத்தாள். மாவில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“மாமா, நீங்க மொதல்ல கத சொல்றப்ப ரெண்டு மருமகள்னு சொன்னீங்க. இன்னொருத்தி பாட்டுல வரவே இல்லியே.”

“அவ திரும்பிப் போயிட்டா புள்ள. போனவளப் பத்திப் பாட என்னா இருக்கு?”

“அழுதுக்கிட்டுத்தான் போனான்னு சொன்னீங்க.”

மாவைப் பிசைந்து முடித்து, ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனாள்.

மறுநாள் பெண்கள் மலைக்குப் போன பிறகு மாசிலாமணி இஸ்தோப்பு வெளிச்சத்தில் வேதப் புத்தகத்தைப் பிரித்தார். ஓர்பாள் வருகிற இடத்தைத்தான் தேடினார். அவள் சத்தமிட்டு அழுது மாமியை முத்தமிட்டுவிட்டுப் போனாள் என்று இருந்தது. வேதம் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அவரை நிறுத்தியது அது அல்ல, அதற்கு மேலே இருந்த வரிகள். நகோமி அந்தப் பெண்களைக் கூட வாருங்கள் என்று கூப்பிடவே இல்லை. நீங்கள் செத்தவர்களுக்கும் எனக்கும் செய்தது போதும், உங்கள் தாய்வீட்டுக்குப் போங்கள், உங்களுக்கு இன்னொரு புருஷன் வீடு அமையட்டும் என்கிறாள். அவர்கள் அழுகிறார்கள். திரும்பவும் போகச் சொல்கிறாள். இத்தனைக்கும் அவள் போகிற ஊரில் அவளுக்கு ஒரு கூரை இருக்கிறதா என்பதே தெரியாது.

இந்த வரிகளை அவர் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். பாட்டு எழுத உட்கார்ந்தபோதும் படித்தார். படித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார். ரூத்தைப் பற்றி எழுதியதாக அவர் நினைத்தது தான் இருக்கும் காம்பராவைப் பற்றி எழுதியது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, கால் வலியோடு லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். அப்போதும், தான் எங்கே போவது என்ற பயம்தான் முன்னுக்கு வந்தது. அந்தப் பயத்தோடேயே உட்கார்ந்து எழுதினார். இந்தத் தடவை மெட்டுத் தேட வேண்டியிருக்கவில்லை. அதே கும்மிதான், கொஞ்சம் தாமதித்துப் பாட வேண்டும், அவ்வளவே.

அழுத கண்ணோட நின்னாளே ஓர்பாள் - மாமி
கழுத்தைக் கட்டி முத்தமிட்டாள்
செத்த மகனுக்கும் எனக்கும் நீ செஞ்சது
சாமிக்குத் தெரியுமடி - மகளே
பெத்தவ வீட்டுக்குப் போய் வா

சாயங்காலம் அதைப் பாடும்போது அவர் அடுப்படிப் பக்கம் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, தாளம் இல்லாமல் பாடினார். மா பிசைகிற சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது.

மறுநாள் அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது அடுப்படியிலிருந்து மெதுவாக அந்தக் கடைசி அடி வந்தது. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். பாட்டு தேறிவிட்டது. எத்தனையோ பாட்டுக்கு அந்த முணுமுணுப்புக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தவர், அன்று அதைக் கேட்டும் கையில் இருந்த வெற்றிலையை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

பண்டிகைக்கு முன் பாட்டுகளை ஐயரிடம் பாடிக் காட்டுவது வழக்கம். கங்காணியை எடுத்துவிட்டுப் போவாஸை மறுபடி வயல்காரனாக ஆக்கச் சொன்னார் ஐயர். பிறகு ஓர்பாளின் சரணத்தில் நின்றார். தன் பழைய தெய்வங்களிடம் திரும்பிப் போனவளுக்கு அறுப்புப் பண்டிகையில் எதற்கு ஒரு சரணம் என்று கேட்டார்.

“நகோமியே அவள ஏசல, ஐயா. நான் எப்புடி ஏசுறது?” என்றார் மாசிலாமணி.

ஐயர் நல்ல மனிதர், தோட்டத்துச் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அந்தச் சரணத்தை நீரே பாடும் என்று சொல்லிவிட்டார்.

பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் பூசணியும் சௌசௌவும் கீரைக்கட்டும் தேங்காயுமாகக் குவிந்திருந்தன. செல்லசாமி சொன்னபடி வந்துவிட்டான். உள்ளே வராமல், சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றான். அம்மாக்கண்ணு பாட்டை எடுத்தாள்; பெண்கள் திருப்பிப் பாடினார்கள். பல்லவிக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும் இரண்டு மூன்று தலைகள் வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தன. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குனிந்திருந்தாள்.

பிறகு அம்மாக்கண்ணு நிறுத்தினாள். மாசிலாமணி முன்னால் இருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓர்பாளின் சரணத்தைத் தனியாக, மெதுவாகப் பாடினார். செத்த மகன் என்ற இடத்தில் நிறுத்தினார். இருமி, அந்த அடியை மறுபடி தொடங்கினார். போய் வா என்று முடித்தபோது அவர் பார்த்தது பீடத்தை அல்ல, வாசற்படியை. திருப்பிப் பாட வேண்டிய பெண்கள் பாடவில்லை. வேதக்கதை தெரியாத செல்லசாமிக்கும் அந்தக் கடைசி அடி விளங்காமல் போகவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மாசிலாமணி அவனிடம், கேட்டியா என்றார். கேட்டேன் மாமா என்றான் அவன். அதுக்கு மேல என்னத்தச் சொல்றது என்று அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

தோட்டத்தில் பேர் வெட்டிக்கொள்கிற வேலையெல்லாம் முடிந்து, இரண்டு வாரம் கழித்து அவள் கிளம்பினாள். தகரப் பெட்டியைச் செல்லசாமி தூக்கிக்கொண்டான். ஹட்டன் பஸ் வருகிற வளைவுவரை மாசிலாமணி நொண்டிக்கொண்டே வந்தார். வேதக்காரர்கள் கைகூப்பித் தோத்திரம் சொல்வார்கள், யார் காலிலும் விழமாட்டார்கள். மனுசன் காலில் விழுவது பாவம் என்று ஞானஸ்நானத்துக்கு முன்பு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பஸ் சத்தம் கேட்டதும் வீரம்மா குனிந்து, இரண்டு கையாலும் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கத்தி இறங்கிய காலையும் சேர்த்து. மாசிலாமணி அதைத் தடுக்கவில்லை.

“வீரம்மா, போயிட்டு வா புள்ள” என்றார். அந்தப் பெயரைச் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

காம்பராவைக் காலி செய்யச் சொல்லக் கண்டாக்கு மாதக் கடைசிவரை பொறுத்தார். அதற்குள் ஐயர், கோயிலுக்குப் பின்னால் ஆர்மோனியம் வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். கூட்டிப் பெருக்கி மணி அடிக்க வேண்டும், வேறு வேலை இல்லை. மாசிலாமணி கட்டிலையும் டின் மூடியையும் வேதப் புத்தகத்தையும் கொண்டுபோய் அங்கே வைத்தார். மலையில் அம்மாக்கண்ணுவின் கூட்டம் பல்லவியை விட்டுவிட்டு ஓர்பாளின் சரணத்தையே அதிகமாகப் பாடுகிறது என்று கேள்விப்பட்டார். அதில் அவருக்குப் பெருமை வரவில்லை.

அடுத்த பாட்டுக்கு யோனாவின் கதையை எடுத்தார். மீன் வயிற்றுக்குள் யோனா புலம்புவதாக மூன்று சரணம் எழுதினார். மெட்டும் அமைந்தது, வார்த்தையும் அமைந்தது, ஆர்மோனியத்தில் வாசித்தும் பார்த்தார். தேறியதா என்று தெரியவில்லை. சாயங்காலம் விறகைப் பற்ற வைத்து, தகட்டைப் போட்டுவிட்டுத் தானே ரொட்டிக்கு மா பிசைந்தார். பிசையும்போது தன் வாய் என்ன முணுமுணுக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டார். அது யோனா பாட்டு அல்ல, பெத்தவ வீட்டுக்குப் போய் வா என்ற அடி.